வாடகை வீட்டுக்குச் சாதி எதற்கு?

வீடு கேட்டு வருகிறவரிடம் என்ன வேலை, எத்தனை பேர், வாடகையை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பாளையங்கோட்டையில் முதலில் சொந்த ஊரைக் கேட்கிறார்கள், அடுத்துத் தகப்பனார் பெயரைக் கேட்கிறார்கள், அதிலும் விவரம் பிடிபடவில்லையென்றால் அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பதற்காகவே கேட்கப்படும் இந்தக் கேள்வியை, ஊருக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்களைக் கொளுத்தும் சித்திரை வெயிலில் வாசலில் நிறுத்திவைத்து வீடு வீடாகக் கேட்டதை உடனிருந்து பார்த்ததிலிருந்து என் மனம் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அந்த இருவரும் மார்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியர்கள். ஒருவர் சென்னைப் பையன், மற்றவர் ஆந்திரத்துப் பையன். அந்தச் சபையில் ஆண்களும் பெண்களும் 18 வயதிலிருந்து இந்த ஊழியத்துக்குப் புறப்படலாம். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. எந்த ஊருக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது, தனியாக எங்கும் போகக் கூடாது, எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டைப் பையின் மேல் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதைப் பார்த்துவிட்டு மருந்து கம்பெனிப் பிரதிநிதிகளா என்று கேட்டவர்களும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் சொன்னதன்பேரில், வீடு பார்த்துக்கொடுக்க நான் கூடப் போனேன்.

கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கொடுக்க மாட்டோம் என்பதற்கு நம் வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: குடிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள், ராத்திரி கண்ட நேரத்தில் வருவார்கள், பெண் சகவாசம் இருக்கும். இந்தப் பையன்களோ மதுவும் புகையிலையும் மட்டுமல்ல, காபியும் தேநீரும்கூடத் தொடுவதில்லை. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு திரும்பி, காலை ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. ஊழியக் காலத்தில் பெண்களோடு பழகுவதற்கும் தடை. வாடகையை அவர்களுடைய மிஷன் அலுவலகமே மாதந்தோறும் கட்டும், ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாசலிலும் நான் எடுத்துச் சொன்னேன். ஒழுக்கம்தான் உண்மையான காரணமாக இருந்திருந்தால் முதல் வீட்டிலேயே சாவியைக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு வீட்டில் மச்சு காலியாக இருந்தது, பலகையும் தொங்கியது. அந்த அம்மா சென்னைப் பையனிடம் தகப்பனார் பெயரைக் கேட்டார், அவர் சொன்னார். சொந்த ஊரைக் கேட்டார், அதையும் சொன்னார். இரண்டிலும் எதுவும் தெரியவராததால், "தம்பி, நீங்க என்ன ஆளுக?" என்று நேராகவே கேட்டுவிட்டார். "நாங்க கிறிஸ்தவங்க" என்றார் அவர், பேச்சு அதோடு முடிந்தது என்று நம்பி. "அது சரி, எதுல இருந்து?" என்று மறுகேள்வி வந்தது. அந்தப் பையனின் முகம் சுருங்கிப்போனது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுதேன் என்று அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டில் அவரைவிடப் பெரியவர் யாரும் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். ஆந்திரத்துப் பையனின் குடும்பப் பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல், அவர்கள் பக்கத்தில் அது எந்தச் சாதியின் பெயர் என்று புரோக்கருக்குப் போன் போட்டு விசாரித்தவர் இன்னொருவர்.

இப்படிக் கேட்டவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போலவே ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். அதுதான் என்னை அதிகமாக எரிக்கிறது. மார்மன் உபதேசம் எனக்கு உடன்பாடானது அல்ல. வேதாகமத்தோடு இன்னொரு புத்தகத்தையும் வேதமாக வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது, அதை அந்தப் பையன்களிடமே சொல்லிவிட்டேன். உபதேசம் வேறு என்பதால் வீடு தர மனமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரு பெரியவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மற்றவர்கள் உபதேசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே! விசுவாசத்துக்காக அடித்து விரட்டப்பட்டவர்கள் ஒதுங்க இடமில்லாமல் தவித்தபோது, உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் 1799-இல் நிலம் வாங்கி முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமத்தை உண்டாக்கினார். 1785-இல் பாளையங்கோட்டையில் கோயில் எழும்பக் காரணமான குளோரிந்தா, வெளியூரிலிருந்து வந்த மராத்தியப் பெண். 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி கால்டுவெல் கடல் கடந்து வந்தவர். வந்தவர்களாலும் விரட்டப்பட்டவர்களாலும் உண்டான சபைகளில் பிறந்து வளர்ந்து, அந்த வரலாற்றை ஆண்டுவிழா மேடைகளில் பெருமையாகப் பேசிவிட்டு, வீட்டு வாசலில் வந்து நிற்கும் பதினெட்டு வயதுப் பையனிடம் எதிலிருந்து வந்தவன் என்று கேட்பதற்கு நமக்கு எப்படி மனம் வருகிறது?

கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் துணிச்சலில்தான் இந்த விசாரணை தடையில்லாமல் நடக்கிறது. அப்படியும் எந்தப் பலகையிலும் இன்ன சாதிக்கு மட்டும் என்று எழுதுவதில்லை. எழுதினால் வெட்கம் என்பது எழுதாதவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பையன்கள் இன்னமும் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில்தான் தங்கியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசும்போது ஊர் நல்ல ஊர் என்றே அம்மாவிடம் சொல்கிறார்களாம். சமாதானபுரத்திலோ பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ, இரண்டு பேர் தங்கும்படியான வீடு யாரிடமாவது காலியாக இருந்தால் சொல்லுங்கள், நானே அழைத்துக்கொண்டு வருகிறேன். என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். தகப்பனார் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.