10% ஃபிளாட் வட்டி மலிவு இல்லைங்க

"பைக் லோனுக்கு 10% ஃபிளாட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், பேங்க்காரன் 12% கேட்கிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, நம்பி யாரும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

1 லட்சம், 3 வருஷம் என்று வைத்துப் பாருங்கள். 10% ஃபிளாட்டில் (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி) வருஷத்துக்கு 10,000 வீதம் வட்டி மட்டும் 30,000, மாதத் தவணை சுமார் 3,611. அதே பணத்துக்கு பேங்க்கின் 12% குறையும் நிலுவை முறையில் (கட்டக் கட்டக் குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி) தவணை சுமார் 3,321 தான், மொத்த வட்டி 19,600-க்குள் முடிந்துவிடும். பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம்!

காரணம் இதுதான்: ஃபிளாட்டில் நீங்கள் அசலை மாதாமாதம் 2,778 வீதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டியை முழு 1 லட்சத்துக்கே போடுவார்கள், அதனால் 36-வது மாதம் வெறும் 2,778 பாக்கி இருக்கும்போதும் வட்டி 833 ரூபாய். சரியாகக் கணக்குப் போட்டால் அந்த 10% கிட்டத்தட்ட 18% ஆகிறது. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிற குடும்பங்கள்தான் இதில் மாட்டுகின்றன, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அப்புறம், 2024 அக்டோபர் 1 முதல் தருகிற புது சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் (APR) என்று ஒரு சதவீதம் இருக்கும், அது வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த வருஷச் செலவு. ஃபிளாட் தருகிறவரிடமும் பேங்க்கிலும் அதைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.