பெண்ணுக்கு வருமானச் சான்று தேவையில்லை

ஊரில் இருக்கும் அம்மாவின் நிலத் தகராறுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா என்று சிங்கப்பூரிலிருந்து கேட்டிருந்தீர்கள். அதற்கு, “கிராமத்தில் இலவச வழக்கறிஞர் என்பது குற்ற வழக்குக்குத்தான், நிலத் தகராறுக்குக் கிடையாது, அதுவும் வறுமைச் சான்று இருந்தால்தான்” என்று அண்ணன் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

இந்தியாவின் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொத்து, ஜீவனாம்சம் போன்ற உரிமையியல் (சிவில்) வழக்குகளுக்கும் பொருந்தும். அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. வழக்கில் முகாந்திரம், அதாவது வழக்கு நடத்தப் போதுமான அடிப்படை, இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் தனியாக இருக்கும் உங்கள் அம்மா சென்னைக்கு அலைய வேண்டாம். தாலுகா நீதிமன்றத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அம்மா போனால் ஒன்றை யோசித்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்: அங்கே முடிந்த சமரசத்துக்கு மேல்முறையீடு இல்லை. (நம் ஆட்கள் பலர் அவசரப்படுவது இங்கேதான்.)

குழப்பம் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கலாம் என்றால் அதுவும் தலைகீழ். இங்குள்ள சட்ட உதவிப் பிரிவு கவனிப்பது உரிமையியல் வழக்குகளைத்தான். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வருமானச் சோதனையும் இந்தச் சிங்கப்பூர்ப் பிரிவில்தான் உண்டு.