ஒட்டு மாங்கன்று மரபணு மாற்றப்பட்டதா?

"நர்சரியில் விற்கும் ஒட்டு மாங்கன்றுகள் மரபணு மாற்றப்பட்டவை, சாப்பிட்ட பழத்தின் கொட்டையை நட்டால் அதே ரகம் கிடைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியின் இரண்டு பகுதிகளுமே தவறானவை.

ஒட்டுக்கட்டுதல் என்பது, கொட்டையிலிருந்து முளைத்த நாற்றின் மேல், நன்கு காய்க்கும் தாய்மரத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டி இரண்டையும் கூடச்செய்யும் பழைய முறை. இதில் மரபணு எதுவும் மாற்றப்படுவதில்லை. இந்தியாவில் 2002-இல், மரபணு மாற்றப்பட்ட பயிரான பி.டி. பருத்திக்கு வணிகச் சாகுபடி அனுமதி கிடைத்தது. எந்தப் பழமரத்துக்கும் அத்தகைய அனுமதி தரப்படவில்லை.

பங்கனப்பள்ளி, அல்போன்சா போன்ற ரகங்களின் கொட்டையில் இருப்பது அயல் மகரந்தத்தால் உருவான ஒற்றைக் கரு என்பதால், அதிலிருந்து வரும் மரம் தாயைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே கொட்டையில் பல கருக்கள் இருக்கும், மேற்குக் கடற்கரையின் ஒளூர் போன்ற ரகங்கள் இதற்கு விலக்கு; அவற்றின் கன்றுகள் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். செய்தியை எழுதியவர் அவற்றை நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். கொட்டைக்கன்றுக்கு அதைப்போல் இருமடங்கு காலமாவது ஆகும்.

இடம் குறைவாக இருந்தால், நீலம், தசேரி ஆகிய மா ரகங்களைக் கலந்து உருவாக்கிய, குட்டையாக வளரும் ஆம்ரபாலி ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கும்போது தண்டில் சற்றே புடைத்த ஒட்டுத் தழும்பைப் பாருங்கள். நடும்போது அது மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்திலும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் ரக விவரங்களைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.