விலை குறைந்தால் முதலில் போவது யோசிக்கும் நேரம்

போட்டி கூடினால் புதுமை தானாக வரும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 11 வருடமாகத் தனியாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். நான் பார்த்தது நேர்மாறாக இருக்கிறது.

தனியாக வேலை செய்கிறவர்களை ஆன்லைனில் பிடிக்க ஃபைவர் என்று ஒரு தளம் இருக்கிறது. 2010-ல் அது தொடங்கியபோது எந்த வேலையானாலும் 5 டாலர்தான். கமிஷன் போக, செய்தவர் கைக்கு வந்தது 4 டாலர். இப்போது அங்கே விலையை அவரவரே வைக்கலாம். ஆனாலும் அந்த அடிமாட்டு விலைப் பேரம் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது.

போன வருடம் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் சைட் கேட்டார். இரண்டு நாள் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் "ஊருக்குக் கொண்டு போறேன், எத்தனை நாள் கெடாம இருக்கும்?" என்றுதான் கேட்டார்கள். அதையே முகப்பாக வைத்து, எத்தனை நாள் பயணம் என்று சொன்னால் அதற்கேற்ற பலகாரத்தைக் காட்டுகிற மாதிரி வரைந்தேன். 30,000 ரூபாய் சொன்னேன். வேறொரு பையன் 6,000-க்கு முடித்துக் கொடுத்துவிட்டான். ரெடிமேட் தீம், அடியில் இடத்தை நிரப்ப வைக்கிற 'லோரம் இப்சம்' என்ற அர்த்தமில்லாத மாதிரி எழுத்து இன்னும் அப்படியே கிடக்கிறது.

அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. 6,000 ரூபாய்க்கு யாரால் இரண்டு நாள் கடையில் உட்கார முடியும்? வாரம் இரண்டு சைட் முடித்தால்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும். அப்புறம் எங்கே யோசிப்பது?

இப்போதெல்லாம் அந்த முதல் இரண்டு நாளுக்குத் தனியாகப் பணம் கேட்கிறேன். பத்துப் பேரில் மூன்று பேர் சரி என்கிறார்கள். என் நல்ல வேலையெல்லாம் அந்த மூன்று பேருக்குச் செய்ததுதான்.