சிரிக்காத பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை

காவேரிப்பட்டணம் புதுமனை விழாவின் இரவில் நடந்ததை நம் வட்டத்தில் எல்லோரும் அறிவீர்கள். அறியாதவர்களுக்காக ஒரு வரி: திரைப்படங்களைக் கேலி செய்யும் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'லொள்ளு சபா' மொட்டை மாடியில் ஓடிக்கொண்டிருந்தபோது, சிரிப்பு வராத ஒரு கல்லூரிப் பெண் 'இதை நிறுத்திவிடலாமா, மாமா?' என்று கேட்டாள். அவளைப் பற்றி, 'இந்தத் தலைமுறைக்குச் சிரிக்கவே தெரியாது' என்று மறுநாள் ஒருவர் பதிவிட்டதும், அதற்கு நம்மவர்களே வரிசையாக விருப்பக்குறி இட்டதும்தான் என்னை எழுத வைக்கின்றன. சிரிப்பு வராதது அந்தப் பெண்ணின் குற்றம் இல்லை.

அந்த நிகழ்ச்சியை வெறுப்பவன் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான காலத்தில், கேபிள் இணைப்பு இருந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்து அதைப் பார்த்தவன் நான். ராம்பாலாவின் இயக்கத்தில் சந்தானமும் சுவாமிநாதனும் மனோகரும் ஜீவாவும் சேஷுவும் விஜய் தொலைக்காட்சியில் செய்தது சிறிய காரியம் இல்லை. உச்சத்தில் இருந்த நடிகர்களின் படங்களையே எடுத்து, அவற்றின் பொருந்தாத வீரத்தையும் மிகையான கண்ணீரையும் எளிய அரங்கில் வைத்துக் கேலி செய்யத் துணிச்சல் வேண்டும். 2024-இல் சேஷு மறைந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரை இழந்ததைப் போலவே வருந்தினேன்.

ஆனால் அந்த நகைச்சுவை மூலப்படத்தைத் தெரிந்தவருக்கு மட்டுமே முழுதாகச் சேரும். பத்துப் பேரை அடித்துப் பறக்கவிடும் நாயகனின் நடையைச் சந்தானம் நடந்து காட்டியபோது நாம் சிரித்ததற்குக் காரணம், அந்த நாயகனின் படத்தைத் திரையரங்கில் ஒருமுறையும் பண்டிகை நாள்களில் தொலைக்காட்சியில் பலமுறையும் பார்த்திருந்ததுதான். 2006 தேர்தலுக்குப் பின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும், பாட்டி முதல் பேரன் வரை ஒரே பெட்டியின் முன் ஒரே படத்தைப் பார்த்தோம். இன்று ஒரே வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு படம். மூலம் தெரியாத பிள்ளையின் கண்ணுக்கு எஞ்சுவது என்ன? கன்னத்தில் அறைவதும், நிறத்தைப் பழிப்பதும், சேலை கட்டிய ஆணைப் பார்த்துச் சிரிப்பதும்தான். அதற்குச் சிரிக்கவில்லை என்று பிள்ளையை ஏசுவது எந்த ஊர் நியாயம்?

என் மகனுக்கு முதலில் மூலப்படத்தின் சில காட்சிகளைக் காட்டிவிட்டு, பிறகு அதன் கேலியைப் போட்டேன். மனோகர் கைகளை வெட்டி வெட்டிப் பேசியதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நிறத்தைப் பற்றிய வசனம் வந்தபோது மட்டும் என் முகத்தைப் பார்த்தான். அதையும் பேசினோம். ஆகவே சிரிக்கத் தெரியாத தலைமுறை என்று எழுதாதீர்கள்.

'அப்படியானால் எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டுமா?' என்று சிலர் கேட்பீர்கள். தடை என்ற சொல்லை அந்தப் பெண்ணும் உச்சரிக்கவில்லை, நானும் உச்சரிக்கவில்லை. விருந்தினர் நிறைந்த இடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள் என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

'அந்தக் காலத்தில் யாரும் புண்படவில்லையே' என்ற வாதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. யாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்? என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' என்று கிளம்பிப் போன காலம் அது. கறுப்புப் பெண்ணைப் பார்த்து நாயகன் அலறி ஓடும் காட்சி எந்த நிகழ்ச்சியில் வந்தாலும், அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி அக்கா எழுந்து போவார். நாங்கள் இன்னும் உரக்கச் சிரித்துக்கொண்டிருப்போம். அவர் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாததால் அவர் புண்படவில்லை என்று கணக்கு எழுதிக்கொண்டோம். அன்று அக்காவால் வாய்விட்டுக் கேட்க முடியாததை இன்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பெயர் திமிரா?

அக்காவுக்கு இன்றும் சுவாமிநாதன் என்றால் உயிர். குடும்பத்தோடு உட்கார்ந்து எந்தப் பகுதியைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அவரைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார். கேட்கத்தான் நம் வீடுகளில் ஒருவரும் முன்வந்ததில்லை.