கெடாம வைக்கிற கவரா, கெட்டா சொல்ற கவரா?

நானோ வெள்ளி போட்ட கவர் வருது, மீனு கறி காய்கறி எல்லாம் நாள்கணக்குல ஃப்ரெஷ்ஷா இருக்கும், இனி ஐஸே வேண்டாம்னு ஒரு வீடியோ எல்லா குரூப்லயும் சுத்திக்கிட்டு இருக்கு. செங்கோட்டைல இருந்துக்கிட்டு இதப் பாத்துட்டு சும்மா போக முடியல, ஏன்னா கெடாம வைக்கிறேன்னு சொல்லி என்னெல்லாம் பண்ணுவாங்கன்னு நம்ம ரோட்டுலயே பாத்தாச்சுல்லா. 2018 ஜூன்ல ஆபரேஷன் சாகர் ராணின்னு பேரு வச்சு, எல்லைல இருக்க புளியரை தாண்டுன உடனே வர்ற ஆரியங்காவு செக்போஸ்ட்ல கேரளா ஃபுட் சேஃப்டி ஆளுங்க டன் கணக்குல ஃபார்மலின் (பொணத்தக் கெடாம வைக்கிற மருந்து) போட்ட மீன் புடிச்சாங்களே, மறந்துருச்சா? கொச்சில இருக்க மத்திய அரசோட மீன் ஆராய்ச்சி நிறுவனம் சிஃப்ட்ல கண்டுபுடிச்ச பேப்பர் ஸ்ட்ரிப்ப மீன்ல தேச்சு, மருந்து ஒரு சொட்டு விட்டா கலர் மாறும். அத வச்சுதான் மாட்டுனாங்க.

உடனே நானோவும் ஃபார்மலினும் ஒண்ணுதான்னு கெளம்பிராதீங்க. சத்தியமா ரெண்டும் வேற. நானோன்னதும் பயப்படவும் வேண்டாம், சிப்ஸ் பாக்கெட்டக் கிழிச்சா உள்ள பளபளன்னு இருக்குல்லா, அந்த அலுமினியப் பூச்சே சில பத்து நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா பிரிச்சா ஒரு பங்கு) கனம்தான், நம்ம தலைமுடி ஒண்ணு எண்பதாயிரம் ஒரு லட்சம் நானோமீட்டர் வரும். இந்தப் புதுக் கவர்ல என்னன்னா, வெள்ளி இல்லாட்டி துத்தநாக ஆக்சைட பொடிப்பொடியா பிளாஸ்டிக்ல கலந்துருவாங்க, வெள்ளி போட்டதுன்னா அதுலேர்ந்து வெள்ளி அயனி (மின்னேத்தம் உள்ள வெள்ளி அணு) கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து பாக்டீரியாவோட மேல்தோல ஓட்டை போட்டு உள்ள இருக்க புரதத்தையும் முடக்கிரும். நல்ல சயின்ஸ்தான், குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

ஆனா அந்த வெள்ளி வேலை செய்யுறது கவர் தொடுற எடத்துலதான். ஒரு கிலோ சாளை மீன கவர்ல போட்டா ஓரத்துல ஒட்டியிருக்க மீனுக்குத்தான் வைத்தியம், நடுவுல கெடக்கதுக்கு ஒண்ணும் கெடையாது. அதுலயும் மீனு கறி மாதிரி புரதம் கூடுன சாமான்ல வெள்ளி அந்தப் புரதத்துலயே ஒட்டிக்கிட்டு வீரியம் கொறஞ்சுபோகும். அப்போ ஐஸ் வேண்டாம்னு எந்த தைரியத்துல சொல்றீங்க அண்ணாச்சி?

என்னோட பெரிய பயம் வேற. எங்க அத்தை மீன் வாங்குறதப் பாக்கணும், செவுளத் தூக்கி செவப்பா இருக்கான்னு பாப்பாவ, வயித்துல ஒரு அமுக்கு, மோந்து பாத்து, கண்ணு குழி விழுந்திருந்தா "இது முந்தாநாத்து மீனுல்லா"ன்னு கூடையத் தள்ளிட்டு அடுத்த ஆள்ட்ட போயிருவாவ. நம்மகிட்ட இருக்க ஒரே லேப் அந்த மூக்குதான். நாத்தம் உண்டாக்குற பாக்டீரியாவ மட்டும் அடக்கிட்டா அந்த லேப்ப மூடுன மாதிரி. காத்து போகாத பாக்கெட்ல குளிர்ச்சி பத்தலைன்னா கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு கிருமி நாத்தம் வர்றதுக்கு முன்னாடியே விஷம் உண்டாக்கிரும், வேக்குவம் பண்ண பச்சை மீன 3 டிகிரிக்கு மேல போக விடாதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான். பழசப் புதுசாக் காட்டுறதுக்கு ஆசப்படுற வியாபாரி கையில இந்தக் கவர் போனா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. (எல்லாரையும் சொல்லல, நேர்மையா யாவாரம் பண்றவங்களும் நெறைய பேரு இருக்காங்க.)

வெளிநாட்டுக்காரன் இதுல உஷாராத்தான் இருக்கான். 2014ல அமெரிக்காவுல நானோ வெள்ளி கலந்த டப்பாக்கள, பூச்சிமருந்து மாதிரி ரிஜிஸ்டர் பண்ணாம விக்காதன்னு அவங்க சுற்றுச்சூழல் ஏஜென்சி நிறுத்திருச்சு. ஐரோப்பாவுல சாப்பாட்டு பிளாஸ்டிக்ல நானோ போடணும்னா அந்த நானோ வடிவத்துக்கே தனியா அனுமதி வாங்கணும். நம்ம ஊர்ல 2018 பேக்கேஜிங் சட்டத்துல ஒரு கிலோ சாப்பாட்டுக்கு மொத்தமா 60 மில்லிகிராமுக்கு மேல கவர்ல இருக்க பொருள் சாப்பாட்டுல எறங்கக் கூடாதுன்னு இருக்கு. அத பரோட்டா பார்சல் கட்டுற கடையில யாரு போய் அளக்கப் போறா?

இதே நானோவுல எனக்குப் புடிச்சதும் இருக்கு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவுல இருக்க குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேந்து ஹெக்சனால்னு ஒண்ண வச்சு மாம்பழத்துல வேலை பாத்தாங்க. புல்ல வெட்டுனா ஒரு பச்சை வாசம் வருமே அந்த வகையறா, செடியிலயே இருக்கதுதான். பழத்தோட செல் சவ்வு சிதையுறதுக்குக் காரணமான ஒரு நொதிய அது அடக்கும், அதனால பழம் தளர்றது தள்ளிப்போகும். அத நானோ இழைக்குள்ள பூட்டி பெட்டிக்குள்ள வச்சா ஆவியா மெதுவா வந்துக்கிட்டே இருக்கும், பழத்த ஒட்டிக்கிட்டு இருக்கணும்னு அவசியம் இல்ல. பாவூர்சத்திரத்துலேர்ந்து தெனமும் கேரளாவுக்கு லாரி ஏறுற காய்க்கு இந்த மாதிரி ஏதாவது பாருங்கய்யா, மழைல மலைப்பாதைல வண்டி நின்னுட்டா அழுகிப்போற தக்காளிக்கு நஷ்டம் யாருக்கு, விவசாயிக்குத்தான.

மீனுக்கு எனக்கு வேண்டியது கெட்டா சொல்ற கவர். மீன் கெடும்போது வர்ற அமோனியா வகை ஆவி பட்டா கலர் மாறுற லேபிள் ஆராய்ச்சில இருக்கு, செம்பருத்திப் பூ, ஊதா முட்டைக்கோஸ்ல இருக்க சாயத்த வச்சே பண்றாங்க. அத மொதல்ல மார்க்கெட்டுக்குக் கொண்டாங்க. வெள்ளி போட்டுத்தான் ஆகணும்னா கவர் மேல என்ன போட்டிருக்கு, எவ்வளவு எறங்கும், என்னைக்கு கட்டுனது, இந்த மூணும் தமிழ்லயும் மலையாளத்துலயும் பெருசா அடிச்சு விடுங்க, எங்க அத்தை கண்ணாடி போடாம படிக்கிற சைஸ்ல.