‘கிளம்பிட்டேன்’ என்றால் எத்தனை நிமிடம்?

‘இதோ கிளம்பிட்டேன்’ என்று போனில் சொல்லும்போது நான் பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருப்பேன். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தலே வராது. மனசளவில் கிளம்பியாகிவிட்டது, உடம்புதான் பாக்கி.

போன வருஷம் மனைவி வெளியூர் போயிருந்த நேரம். வண்டிச் சாவியைத் தேடித் தேடி, தவறவே கூடாத ஒரு சந்திப்புக்கு 40 நிமிடம் தாமதமாகப் போய் நின்றேன். கடைசியில் அவளுக்கே போன் போட்டுக் கேட்டதில்தான் கிடைத்தது. ‘துவைக்கப் போட்ட பேன்ட்ல பாருங்க’ என்றாள். இருந்தது.

அந்த எரிச்சலில் ஒரு வாரம் எதெதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதிப் பார்த்தேன். குளியல் 10 நிமிடம் என்று நம்பிக்கொண்டிருந்தேன், 22. குளிக்கப் போகும் முன் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த 17 நிமிடம் அதில் சேர்த்தியில்லை. ‘எல்லாம் ரெடி’ ஆனதிலிருந்து வண்டி நகரும் வரை 9 நிமிடம்! ஹெல்மெட், பர்ஸ், கேஸை மூடினோமா என்று ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்பது. அந்த 9-ஐ நான் என் வாழ்நாளில் ஒருநாளும் கணக்கில் வைத்ததில்லை.

என் கட்சி இதுதான்: வேலைக்கு நேரம் ஒதுக்குகிறோம், அதை ஆரம்பிக்கவும் ஏறக்கட்டவும் ஒதுக்குவதில்லை. தாமதமும் குப்பையும் அங்கேதான் சேர்கின்றன.

இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஓர் ஆறுதல். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே, ஆகும் நேரத்தைக் குறைத்தே கணக்குப் போடும் இந்தக் குணத்துக்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994-இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடித்தவர்களுக்கு ஆனது 55-க்கும் மேல். ‘சரி, எல்லாமே சொதப்பினால்?’ என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வந்த பதிலே சராசரி 49 நாளைத் தாண்டவில்லை. நாம் பயந்து போடும் கணக்குகூட நடப்பதைவிடக் குறைவுதான். அதனால் இப்போது எந்த வேலைக்கும் மனசு சொல்வதை நான் கேட்பதில்லை. போன தடவை எவ்வளவு ஆனதோ அதையே போடுகிறேன்.

ஒழுங்கும் இதே கதைதான். கத்தரிக்கோலால் பார்சலைப் பிரித்ததும் வேலை முடிந்ததாக மூளை கையெழுத்துப் போட்டுவிடும். கத்தரி மேஜையிலேயே கிடக்கும். அதன்மேல் ஒரு பில், பில்லின்மேல் சார்ஜர். நாலாம் நாள் வீடே கத்தரிக்கோல் தேடும். எடுத்த பொருள் இடத்துக்குத் திரும்பினால்தான் வேலை முடிந்த கணக்கு என்று எனக்கு நானே விதி போட்டேன். சாவிக்குக் கதவோரம் ஓர் ஆணி அடித்தேன்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பார்வர்டு வரும், நம்பாதீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் ‘குறைந்தது’ 21 நாள் ஆவதாக எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட கணக்கில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போகிறது (12 வாரத்தைத் தாண்டியதெல்லாம் கணித மாதிரி வைத்துப் போட்ட மதிப்பீடு). நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு ஆணி பழக மூன்று மாதம் ஆனது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மேஜை எப்போதும் பளிச்சென்று வைத்திருக்கும் ஆண்கள் நேர மேலாண்மை பற்றி வகுப்பெடுக்கும்போது, ஏறக்கட்டுவது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. வெளியூரில் உட்கார்ந்துகொண்டே என் பேன்ட் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரிகிறதென்றால், நான் கணக்கில் வைக்காத அந்த நிமிடங்கள் இத்தனை வருஷமாக யார் கணக்கில் போயின?

ஆணி அடித்த விஷயத்தை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். ‘எட்டு வருஷம் ஆச்சா இதுக்கு?’ என்று மட்டும் கேட்டாள்.